லவ் பேர்ட்ஸ் ஒரு காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருக்கிறது, என்ன செய்யலாம்?

ஒற்றைக் காலில் நின்று, இறகை உப்ப வைத்துக்கொண்டு தூங்கினால் கவலை வேண்டாம், பல பறவைகளும் செய்வதுதான். நீங்கள் சொல்வதுபோல் பகலெல்லாம் காலை ஊன்றாமல், கம்பியில் ஏற அலகையே நம்பியிருந்தால் ஏதோ கோளாறு.

மெல்லிய துணியால் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள், மூச்சு முட்டிவிடும். ஆரோக்கியமான பாதத்தில் பொடிப் பொடி மேடுகள் தெரியும். அவை தேய்ந்து, தோல் வழவழவென்று சிவந்திருந்தால் பாதப்புண் தொடங்குகிறது. கூண்டோடு வரும் ஒரே தடிமனான பிளாஸ்டிக் குச்சியும், வெறும் தினையே சாப்பாடாக இருப்பதும்தான் பெரும்பாலும் காரணம்; தினையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. தடிமன் மாறிமாறி வரும் கொய்யாக் கிளைகளை வையுங்கள். கேரட் துருவலும் கீரையும் கொடுத்துப் பழக்குங்கள். கறுத்த பொருக்கு தட்டிவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

விரலில் நூல் சுற்றியிருக்கிறதா, வளையம் இறுக்குகிறதா என்றும் பாருங்கள். வளையத்தை நீங்களே வெட்ட வேண்டாம், எலும்பு உடையும்.

காலிலும் அலகோரத்திலும் தேன்கூடு மாதிரி சொரசொரப்பு இருந்தால் அது செதில் உண்ணி. ஐவர்மெக்டின் என்ற மருந்தில் சரியாகும், ஆனால் 30, 40 கிராம் பறவைக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

புண், வீக்கம் எதுவுமின்றி ஒரு கால் மட்டும் துவண்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கட்டி காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவது நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி இனத்தில் அடிக்கடி காணப்படுவது. மருத்துவரிடம் போகும்வரை குச்சியைத் தாழ்த்தி, தீனியையும் தண்ணீரையும் தரையிலேயே வையுங்கள். நம் வலி மாத்திரை, எண்ணெய்க் களிம்பு இரண்டும் கூடவே கூடாது.