போரில் குண்டு படாத தாயும் சேயும் ஏன் இறக்கிறார்கள்?

வழி அடைபட்டாலே போதும், குண்டு விழ வேண்டியதில்லை.

நான் கோத்தகிரிப் பக்கம் செவிலியர். ஐப்பசி மழையில் மண் சரிந்து சாலை மூடினால், வலி எடுத்தவளை எப்படிக் கீழே இறக்குவது என்பதுதான் எங்கள் முதல் பயம். அதனால் மலைக் கிராமங்களில் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே பிரசவ காத்திருப்பு அறைக்கு வரச் சொல்வோம். போரில் அப்படி வரவழைக்கப் பாதுகாப்பான இடமே இருப்பதில்லை. 2022 மார்ச் 9 அன்று உக்ரைனின் மரியுபோலில் மகப்பேறு மருத்துவமனையே தாக்கப்பட்டது.

பிரசவத்தில் தாயின் உயிரை அதிகம் குடிப்பது உதிரப்போக்கு. குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்க ஆக்ஸிடோசின் ஊசி போடுவோம். அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் போய் பிரிட்ஜ் நின்றால் மருந்தின் வீரியம் குறையும். போட்டும் ரத்தம் நிற்காமல் போகலாம். அப்புறம் ரத்தம் ஏற்ற வேண்டும். போர்க்காலத்தில் இருக்கிற ரத்தம் காயம்பட்டவர்களுக்கே பத்தாது.

குறைமாதக் குழந்தைகளின் நிலை இன்னும் கொடுமை. 2023 நவம்பரில் காசாவின் அல் ஷிஃபா மருத்துவமனையில் எரிபொருள் தீர்ந்து, குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் நின்றன. குழந்தைகளை ஒரே கட்டிலில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்தார்கள். சில குழந்தைகள் இறந்தன. 31 குழந்தைகள் பிறகு வெளியே கொண்டுபோகப்பட்டன.

மின்சாரம் இல்லாவிட்டாலும், குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படக் கட்டி வைத்து தாய்ப்பால் கொடுத்தால் பல குழந்தைகளைக் காப்பாற்றலாம். ஆனால் அதற்குத் தாய் உயிரோடு இருக்க வேண்டும், அவளுக்குச் சோறும் தண்ணீரும் கிடைக்க வேண்டும்.