அகதிகள் வந்த ஊரில் கைகலப்பு: இரவு ஊரடங்கு போடலாமா?

கேள்வி: நான் ஒரு சிறு நகராட்சியின் உறுப்பினர். எல்லைக்கு அப்பால் போர் மூண்டதிலிருந்து எட்டு மாதங்களாக எங்கள் ஊருக்கு அகதிகள் வந்தபடி இருக்கிறார்கள். இப்போது ஊரில் நால்வரில் ஒருவர் வெளியிலிருந்து வந்தவர். வாடகை ஏறிவிட்டது, கூலி இறங்கிவிட்டது. போன வாரம் குழாயடியில் தொடங்கிய வாய்த்தகராறு கைகலப்பாகி, இரு தரப்பிலும் ஒவ்வொருவருக்கு மண்டை உடைந்தது. "இருட்டிய பிறகு அகதிகள் வெளியே வரக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள்" என்று ஊரார் நெருக்குகிறார்கள். எல்லாரையும் கூட்டிப் பொதுக்கூட்டம் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அகதிகளிடையே செல்வாக்குள்ள ஒருவர், பெயர்ப் பட்டியல், பொருள் விநியோகம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். எதை முதலில் செய்வது?

பதில்: ஊரடங்குத் தீர்மானம் மட்டும் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

2014-இல் லெபனானில் பல நகராட்சிகள் இதையேதான் செய்தன. சிரியாவிலிருந்து வந்தவர்கள் இருட்டிய பின் நடமாடக்கூடாது என்று தெருவில் பதாகை கட்டினார்கள். அப்படி உத்தரவு போட நகராட்சிகளுக்குத் தெளிவான சட்ட அதிகாரம் இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே சுட்டிக்காட்டின. உங்கள் மன்றத்துக்கும் அந்த அதிகாரம் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சட்டத்தைவிட நடைமுறைதான் எனக்குப் பெரிய கவலை. வேலை முடிந்து பொழுது சாய்ந்து திரும்புகிற கூலியாள் வழியில் மறிக்கப்படுவார். நள்ளிரவில் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக யாருடைய அனுமதியோ தேவைப்படும். அந்த அனுமதியை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் கிளம்புவார்; அதற்கு ஒரு விலை வைப்பார். தடியோடு காவலுக்குப் போகும் இளைஞர்கள் யாரையாவது அடித்துவிட்டால், அடிபட்டவர் இரவில் வெளியே வந்த குற்றத்துக்குப் பயந்து புகார் கொடுக்கவே வரமாட்டார். இத்தனைக்கும் பிறகு உங்கள் குழாயில் ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடுதலாக வந்திருக்காது.

குழாயடியில் கைகலந்தவர்கள் யார் என்று விசாரித்தீர்களா? உள்ளூர்த் தரப்பில் நின்றவர்கள் பெரும்பாலும் நாட்கூலிக்குப் போகிறவர்களாகவும் வாடகை வீட்டில் இருப்பவர்களாகவும் இருப்பார்கள். நான்கு அறைகளைப் பிரித்து நான்கு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டவர் அந்தச் சண்டையில் இருந்திருக்கமாட்டார். 1994 ஏப்ரல் கடைசியில் ருவாண்டாவிலிருந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஒரே நாளில் எல்லை தாண்டித் தான்சானியாவுக்குள் வந்தார்கள். அவர்கள் தங்கிய ககேரா பகுதியின் நிலவரத்தைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: சொந்த நிலத்தில் ஆள் வைத்துப் பயிர் செய்தவர்கள் பயனடைந்தார்கள், பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள் இழந்தார்கள். "அகதிகளால் ஊருக்கு லாபமா, நட்டமா" என்று ஊரை ஒற்றை ஆளாக வைத்துக் கேட்பதால்தான் யாருக்கும் பதில் கிடைப்பதில்லை. உங்கள் ஊருக்குள்ளேயே லாபம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நட்டப்பட்டவர்களின் கோபத்துக்கு வந்தவர்கள் கண்ணில் படுகிறார்கள். வாடகையை ஏற்றியவரும் கூலியைக் குறைத்தவரும் படுவதில்லை. ஆகவே அகதிகளின் பட்டியலைத் தயாரிக்கும் முன், இந்த எட்டு மாதத்தில் நட்டப்பட்ட உள்ளூர்க் குடும்பங்கள் எவை என்று வீடு வீடாகப் போய்க் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் நான்கு மாலைப் பொழுதும் போதும்.

அடுத்தது தண்ணீர். நெருக்கடிக் காலத்துக்கென்று உலகம் முழுவதும் நிவாரணப் பணியாளர்கள் வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு: ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய். அகதிகள், உள்ளூரார் என்று பிரிக்காமல் மொத்தத் தலையை எண்ணி இந்த அளவை வைத்துப் பாருங்கள். எத்தனை குழாய் குறைகிறது என்று தெரிந்துவிடும். புதுக் குழாய் வரும்வரை தெருவாரியாக நேரம் ஒதுக்குங்கள். அகதிகளுக்கு ஒரு வரிசை, ஊராருக்கு ஒரு வரிசை என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். நாளைக்கு எந்த வரிசையில் தண்ணீர் நின்றாலும் அடுத்த வரிசைதான் காரணம் என்பார்கள். குழாயடிக்குப் பொறுப்பாக இரு தரப்பிலிருந்தும் பெண்களைப் போடுங்கள். குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் தண்ணீர்க் கணக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் உதவி எதுவானாலும் அது ஊராரின் கையிலும் படவேண்டும், படுவது கண்ணுக்கும் தெரியவேண்டும். உகாண்டாவில் அகதிகளுக்கென்று வரும் உதவித் திட்டங்களில் 30 விழுக்காடு அவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்களுக்குப் போகவேண்டும் என்பது கொள்கை. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா அகதிகள் வந்தபோது, விறகுக்காகச் சுற்றுப்புறக் காடு வேகமாக அழிந்தது. விறகு பொறுக்கப் போன இடத்தில் இரு தரப்புக்கும் தகராறு. மறு ஆண்டிலிருந்து சமையல் எரிவாயு கொடுத்தார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுக்காமல், அக்கம்பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கும் சிலிண்டரும் அடுப்பும் கொடுத்தார்கள். தகராறுக்கு எது காரணமோ அதையே இரு தரப்புக்கும் தீர்த்து வைத்த நல்ல எடுத்துக்காட்டு இது.

இந்தப் பங்கீட்டு விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்லெண்ணம் உள்ள மன்ற உறுப்பினர்களே சறுக்குகிறார்கள். அகதிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அட்டை வழியாகச் சிறு தொகை வரும். அதைக் கண்டதும், "இதிலும் 30 விழுக்காடு எங்கள் ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்" என்ற குரல் எழும். நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தொகை ஒரு குடும்பம் உயிர் பிழைக்கும் அளவுக்கே கணக்கிடப்பட்டது. பெரும்பாலும் அதற்கும் குறைவாகத்தான் கைக்கு வருகிறது. அந்தக் குடும்பத்துக்கு இங்கே நிலம் கிடையாது, கடன் கொடுக்கச் சொந்தபந்தம் கிடையாது, பல நாடுகளில் சட்டப்படி வேலை செய்யும் உரிமையும் கிடையாது. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எடுத்தால், அடுத்த வாரமே அவர்கள் முன்பணத்துக்கு ஒரு தரகரிடம் போவார்கள். கடனை அடைக்க எந்தக் கூலிக்கும் சம்மதிப்பார்கள். உங்கள் ஊர்க் கூலியாட்களின் சம்பளம் இன்னும் இறங்கும். நீங்கள் யாருக்காகப் பங்கு கேட்டீர்களோ அவருக்கே அடி விழும். அந்த அட்டைப் பணம் எங்கே போகிறது என்றும் யோசியுங்கள். பாதிக்கு மேல் வாடகையாகவும் கடைப் பாக்கியாகவும் உங்கள் ஊராரின் பெட்டிக்குள்தான் விழுகிறது. ஊர் ஏழைகளுக்கும் இதே மாதிரி மாதத் தொகை வேண்டும் என்று தனியாக மனுப் போடுங்கள். அது முழு நியாயம். இருக்கிற தொகையை உடைத்துப் பங்கு போடாதீர்கள்.

இனி, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் அந்தச் செல்வாக்குள்ள மனிதர். அவரைப் பார்த்ததில்லை, அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பட்டியலையும் விநியோகத்தையும் வேலை பிடித்துக் கொடுப்பதையும் ஒருவர் கையில் கொடுத்தால், அவர் கங்காணி ஆகிவிடுவார். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்கியவர்களுக்கு ஷாவீஷ் என்று ஒருவர் இருப்பார். நிலச் சொந்தக்காரரிடம் இடம் பேசுவது அவர், பண்ணைக்கு ஆள் அனுப்புவது அவர், கூலியை வாங்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது அவர், உதவி வண்டி வந்தால் யார் யார் நிற்கவேண்டும் என்று சொல்வதும் பல இடங்களில் அவர்தான். பெண்களும் பிள்ளைகளும் வயலில் நின்று கடனைக் கழிப்பார்கள். கடனோ கழியாது.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் அப்படி ஒருவரை நாங்களே வளர்த்துவிட்டோம். மொழி தெரிந்தவர், பணிவானவர், எங்கள் வேலையை எளிதாக்கினார். ஆறு மாதம் கழித்து ஒரு கைம்பெண் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான், பட்டியலில் பெயர் சேர்க்க அவர் ஒவ்வொரு குடும்பத்திடமும் பணம் வாங்கியது தெரிந்தது. உள்ளூர்க்காரர் ஒருவரும் அதில் கூட்டாளி. இதை மேலிடத்துக்கு எழுதினோம். திட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது, ஆளை மாற்றினால் விநியோகம் தாமதமாகும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

எனவே அவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள்; சாவியைக் கொடுக்காதீர்கள். பதிவு செய்வதற்கும் உதவி பெறுவதற்கும் கட்டணமே கிடையாது என்பதை இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதிக் குழாயடியிலும் மருந்தகத்திலும் ஒட்டுங்கள். ஐநா அகதிகள் ஆணையத்தின் சேவைகள் எல்லாமே இலவசம். யாராவது பணமோ, அடையாளத் தாளோ, ஒரு பெண்ணிடம் வேறெதுவோ கேட்டால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். பட்டியலில் சேர என்ன தகுதி என்பதைப் பகிரங்கமாக ஒட்டுங்கள், பெயர்களை ஒட்டாதீர்கள். ஊரைவிட்டு ஓடி வந்தவரைத் தேடுகிறவர்களும் இருப்பார்கள்.

கூலிக்கும் இதே கதைதான். பாதிக் கூலிக்கு ஆள் தருகிறேன் என்று பண்ணைக்காரரிடம் சொல்வது தரகர். வந்தவர் பாதிக் கூலி கேட்பதில்லை. அவர் கைக்குப் பாதிதான் வருகிறது. யாராக இருந்தாலும் இந்த வேலைக்கு இந்தக் கூலி, அதுவும் வேலை செய்தவர் கையிலேயே என்று பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். உள்ளூர்க் கூலியாட்களும் இதற்கு உங்கள் பக்கம் நிற்பார்கள், ஏனென்றால் இது அவர்களின் பிழைப்பு. வேலை அனுமதி என்பது ஒரே முதலாளியின் கையில் மாட்டிக்கொண்டால் அதுவும் விற்பனைக்கு வந்துவிடும். ஜோர்டானில் 2016-க்குப் பிறகு விவசாய வேலைக்கான அனுமதியைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் வாங்கலாம் என்று மாற்றினார்கள். உங்கள் நாட்டில் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் தொழிற்சங்கத்தையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நடுவில் கொண்டுவர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாடகைக்கு எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் கட்டாயம் என்று மன்றத்தில் தீர்மானம் போடலாம். தீர்மானம் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் இதைப் போடுங்கள்.

பொதுக்கூட்டம் இப்போது வேண்டாம். ரத்தம் காயாத நேரத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அதிகம் கத்துகிறவரின் கைக்குத்தான் போகும். துருக்கியில் 2021 ஆகஸ்டில் அங்காராவின் அல்டின்டாக் பகுதியில் ஓர் இளைஞர் கத்திக்குத்தில் இறந்தார். அதைத் தொடர்ந்து சிரியர்களின் வீடுகளும் கடைகளும் அடித்து நொறுக்கப்பட்டன. 2024-இல் கய்சேரியில் ஒரு சிறுமி தொடர்பான குற்றச்சாட்டு பரவிய இரவே அதேபோல நடந்தது. இரண்டு இடத்திலும் ஓரிருவர் மீது வந்த பழியை அவர்களுடைய இனத்தார் எல்லாரும் சுமந்தார்கள். உங்கள் ஊரில் அடுத்த சம்பவம் நடந்தால், ஒரு மணி நேரத்துக்குள் உண்மை என்ன என்று சொல்ல, இரு தரப்பும் நம்பும் நான்கு பேரை இப்போதே பேசி வையுங்கள். காவல் நிலையத்தின் பொறுப்பதிகாரியும் அதில் இருக்கவேண்டும். தெருத் தெருவாகப் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று உட்கார்ந்து பேசுங்கள். குழாய் நேரம், கூலி, வாடகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே மாறிய பிறகு பெரிய கூட்டம் போடலாம்.

நல்லிணக்கப் பயிலரங்கு நடத்தித் தருகிறோம் என்று உங்களைத் தேடி நிறுவனங்கள் வரும். வருகிறவர்களிடம், எத்தனை மாதத் திட்டம், எங்கள் ஊரில் எத்தனை குழாய் போடுவீர்கள், புகார் வந்தால் யார் பதில் சொல்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உலக அகதிகளில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். ஏற்றுக்கொண்ட நாடுகளின் சுமையைக் குறைப்பதே முதல் நோக்கம் என்று 2018 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஏற்ற, அகதிகள் பற்றிய உலகளாவிய ஒப்பந்தம் சொல்கிறது. அதன் பிறகும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று துண்டு துண்டாகத் திட்டம் வருகிறது. அதில் பாதி நாள் கணக்கெடுப்பிலேயே போகிறது. ஒரே வீட்டுக்கு ஐந்து நிறுவனங்கள் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். நீர்த்தொட்டி கட்ட ஓராண்டு ஆகும் என்றால் ஓராண்டுக்குப் பணம் கொடுக்கவேண்டாமா? உங்களைப் போன்ற மன்றங்கள் பத்துச் சேர்ந்து ஒரே குரலில் கேட்டால்தான் இது மாறும். பக்கத்து நகராட்சிகளிடம் இன்றே பேசத் தொடங்குங்கள்.

மண்டை உடைந்த இருவர் வீட்டுக்கும் நாளைக் காலையிலேயே போய்விடுங்கள். இரண்டு வீட்டுக்கும் அதே ஆட்கள், அதே நாளில் போகவேண்டும். மருத்துவச் செலவை மன்ற நிதியிலிருந்து இருவருக்கும் ஒரே அளவில் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.