பரம்பரை இயல்புகள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விசுவமடு: ரெட் லேடி பப்பாசிப் பழத்தின் விதைகளை நட்டேன். மரத்துக்கு மரம் பழம் மாறுகிறது. சில மரங்கள் காய்க்கவே இல்லை. ஏன்?

பதில்: ரெட் லேடி கலப்பின வர்க்கம். இரு வேறு வர்க்கங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை மட்டுமே ஒரே சீராக நிற்கும். அதன் பழத்து விதைகளில் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) பிரிந்து புதிதாகச் சேர்வதால் பருமனும் இனிப்பும் மாறிவிடும். பால் நிர்ணயம் இதைவிடச் சுவையானது. நீண்ட பழம் தருவது இருபால் மரம், உருண்டைப் பழம் தருவது பெண் மரம். இருபால் பூ தன்மகரந்தச் சேர்க்கையடைந்தால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தையே எதிர்பார்ப்போம். ஆயினும் இருபாலுக்குரிய அலகு இரட்டையாகச் சேர்ந்த முளையம் பிழைப்பதில்லையாதலால், இரண்டு இருபால் மரத்துக்கு ஒரு பெண் மரமே கிடைக்கிறது. நீண்ட காம்புகளில் கொத்தாகப் பூத்துக் காய்க்காமல் நிற்பவை ஆண் மரங்கள். அயலிலிருந்து மகரந்தம் வந்திருக்க வேண்டும். குழிக்கு மூன்று கன்றுகள் நட்டு, பூத்தபின் இருபால் கன்று ஒன்றை மட்டும் விடுங்கள். விகிதம் தோட்டம் முழுவதற்கும் உரியது, ஒரு குழிக்கு உரியதன்று.

மல்லாவி: தந்தையின் இரத்த வகை ஏ, தாயுடையது பி. பிள்ளை ஓ வகையாக இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். இருவரும் ஓ அலகை மறைவாகக் காவினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கால் பங்கு வாய்ப்பு உண்டு.

மாங்குளம்: மச்சாளைத் திருமணம் செய்ய இருக்கிறேன். தடை உண்டா?

பதில்: சொந்த மச்சான், மச்சாளின் பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது. ஆகவே பின்னிடைவான, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் குறைபாடொன்றை இருவரும் காவும் வாய்ப்பு கூடுகிறது. திருமணத்துக்கு முன் இருவரும் பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டான்: ஐயா, வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். என் பாட்டனும் பாட்டியும் சொந்த மச்சான், மச்சாள். எட்டுப் பிள்ளைகளும் சுகமாகவே வாழ்ந்தார்கள்.

பதில்: மகிழ்ச்சி, ஆனால் அது சான்றாகாது. இருவரும் ஒரே குறைபாட்டைக் காவாவிடின் எண்பது பிள்ளைகள் பிறந்தாலும் அது வெளிப்படாது. இருவரும் காவினால், மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூவரும் தப்பினர் என்று கணக்கிடவும் முடியாது. ஒவ்வொரு பிறப்பிலும் அதே கால் பங்கு புதிதாகவே தொடங்குகிறது. பரம்பரையியலின் முன்னோடியான மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் 5474 உருண்டை விதைகளுக்கு 1850 சுருங்கிய விதைகள் கிடைத்தன. ஆயிரக்கணக்கில் எண்ணியதால்தான் மூன்றுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தேட முடியாது.

ஒட்டுசுட்டான்: அப்படியானால் அந்நியத்தில் முடித்தாலும் வரலாமே?

பதில்: வரலாம். ஆகவேதான் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டும் என்கிறேன். மச்சாளை மணப்பவர் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்கிறேன்.

கிளிநொச்சி: மருமகளுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். குறை அவரிடமா?

பதில்: இதில் குறை என்று ஒன்றுமில்லை. தாய் எக்ஸ் நிறமூர்த்தத்தை (குரோமோசோமை) மட்டுமே கொடுப்பார். பெண்ணாக்கும் எக்ஸா, ஆணாக்கும் வையா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது.

புதுக்குடியிருப்பு: மூன்றும் பெண். நான்காவது கட்டாயம் ஆண்தானே?

பதில்: மேலே இருமுறை எழுதியாயிற்று. அரைப் பங்கு, ஒவ்வொரு முறையும் புதிதாக.

முள்ளியவளை: பரம்பரைச் சலரோகத்துக்கு எந்த மருந்து நல்லது?

பதில்: வைத்தியரிடம் கேளுங்கள்.