சின்ன மின்சார எஸ்யூவியின் பூட் போதுமா, எப்படிச் சோதிப்பது?

பினாங்கில் ஐந்து பேர் குடும்பத்துக்குப் பூட், அதாவது பின்பக்கச் சாமான் இடம், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பிஒய்டி அட்டோ 3 என்ற மின்சார எஸ்யூவிக்கு 440 லிட்டர் என்பார்கள். ஜெர்மனியின் கார் தயாரிப்பாளர் சங்கமான விடிஏவின் முறையில் 200×100×50 மில்லிமீட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். கட்டை ஒன்று, ஒரு லிட்டர். மூலை முடுக்கிலும் கட்டை நுழையும், உங்கள் பெட்டி நுழையாது.

அதனால் வீட்டுச் சாமான்களையே ஷோரூமுக்குக் கொண்டுபோங்கள். நான் குழந்தையின் தள்ளுவண்டி, 10 கிலோ அரிசி மூட்டை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் கொண்டுபோகும் அண்டா ஆகிய மூன்றையும் எடுத்துப் போனேன். ஒரு வண்டியில் அண்டா அழகாக உட்கார்ந்தது. கதவை இறக்கினால், சாய்ந்த பின்கண்ணாடி விளிம்பில் இடித்தது! கட்டாயம் கதவை மூடிப் பாருங்கள்.

அப்புறம், சார்ஜ் கேபிளுக்குத் தனி இடம் உண்டா? தரைப்பலகைக்கு அடியில் என்றால், மழையில் எல்லாச் சாமானையும் இறக்கித்தான் எடுக்கவேண்டும்.