செயலிக்கு எந்தக் கட்டமைப்பு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு ஆண்ட்ராய்டு செயலி செய்கிறோம். நானும் என் நண்பரும் மட்டும்தான். குலை வெட்டுபவர் ஒவ்வொருவருக்கும் எத்தனை குலை, அதில் பழுக்காதவை எத்தனை என்று தண்டல் (வேலை மேற்பார்வையாளர்), குலை சேர்க்கும் பிளாட்ஃபார்மில் நின்றே பதிய வேண்டும். ஆபீசில் கிராணி (கணக்கர்) அதைச் சரிபார்க்க வேண்டும். லோரி எடைச் சீட்டும் உண்டு. மொத்தம் எட்டுத் திரைகள். உள்ளே பல பிளாக்குகளில் (தோட்டப் பிரிவுகளில்) இணைய லைன் கிடைக்காது. எம்.வி.வி.எம். (மாடல்–வியூ–வியூமாடல்) போதும் என்கிறேன் நான். விதிகளைத் தனி அடுக்காகப் பிரிக்கும் கிளீன் ஆர்க்கிடெக்சரும் எம்.வி.ஐ.யும் (மாடல்–வியூ–இன்டென்ட்) கட்டாயம் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் இருவரின் வாதமும் திரையைப் பற்றியது. உங்கள் செயலி தப்புமா, தவறுமா என்பதோ லைன் கிடைக்காத அந்தப் பிளாக்குகளில்தான் தெரியும். எம்.வி.வி.எம். ஆனாலும் எம்.வி.ஐ. ஆனாலும், திரைக்கும் அதன் பின்னாலிருக்கும் தரவுக்கும் இடையிலான ஏற்பாட்டைத்தான் சொல்கின்றன. தண்டல் தட்டிய எண் முதலில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதை முதலில் முடியுங்கள்.

ஒவ்வொரு பதிவும் கைப்பேசியிலேயே உள்ள ரூம் தரவுத்தளத்தில் முதலில் எழுதப்படட்டும். திரை அங்கிருந்து மட்டுமே படிக்கட்டும். சர்வர் தரும் பதிலை நேராகத் திரையில் காட்டும் குறுக்கு வழி ஒன்றுகூட வேண்டாம். அதுவும் ரூமில் எழுதப்பட்டு, அங்கிருந்தே திரைக்கு வரட்டும். அனுப்பும் வேலையைப் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டு நூலகமான ஒர்க்மேனேஜரிடம் விடுங்கள், ‘இணையம் இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையோடு. தோல்வியடைந்து மறுபடி முயலச் சொன்னால், அது வழக்கமாக 30 விநாடி கழித்து முயலும். பிறகு இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி 5 மணி நேரம் வரைகூடப் போகும். இதைக் கவனிக்காமல் விட்டால், தண்டல் ஆபீசுக்கு வந்து லைன் நன்றாகக் கிடைத்த பிறகும் பதிவுகள் அப்படியே கிடக்கும். ஆகவே ‘இப்போதே அனுப்பு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் காத்திருக்கும் வேலையை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அருகிலேயே ‘அனுப்பாதவை: 14’ என்பது போல எண்ணிக்கையும் தெரியட்டும். பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணி வேலைகளை அடக்கிவிடும் கைப்பேசிகள் நிறைய இருக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலையாக இதை எழுதலாம் என்றும் நினைக்க வேண்டாம். திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். நீங்கள் 5 என்று கொடுத்தாலும் அது 15 ஆகிவிடும்.

அடுத்த ஆபத்து இரட்டைப் பதிவு. கைப்பேசி அனுப்புகிறது, சர்வர் எழுதிவிடுகிறது, பதில் வரும் வழியில் லைன் அறுந்துபோகிறது. கைப்பேசி மறுபடி அனுப்பும். 62 குலை 124 ஆகும். சம்பள நாளில்தான் வெளியே வரும். பதிவு எண்ணைச் சர்வர் கொடுப்பதாக வைத்தால் இதைப் பிடிக்கவே முடியாது. தண்டல் ‘சேமி’ என்று தட்டும் அந்த நொடியிலேயே கைப்பேசி ஒரு யு.யு.ஐ.டி. (வேறெதனோடும் மோதாத அடையாள எண்) உருவாக்கட்டும். சர்வர் அட்டவணையில் அது தனித்தன்மை கொண்ட சாவியாக இருக்கட்டும். அதே சாவி இரண்டாம் முறை வந்தால் சர்வர் பிழை சொல்லாமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்றே பதில் தர வேண்டும். பிழை என்று சொன்னால் கைப்பேசி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கிராணி ஒரு பக்கம், தண்டல் ஒரு பக்கம் ஒரே பதிவைத் திருத்தினால்? இரண்டையும் இணைக்கும் புத்திசாலித்தனமெல்லாம் இரண்டு பேர் குழுவுக்கு ஆகாது. கிராணி உறுதிப்படுத்திய பதிவு பூட்டப்படும் என்று ஒரே விதி போதும். முரண்பட்டு வரும் திருத்தத்தைச் சர்வர் ஏற்காமல் திருப்பி அனுப்பட்டும். அதைத் தண்டல் பார்க்கும்படி காட்டுங்கள்.

இவ்வளவும் நின்றபின் மேலே எம்.வி.வி.எம். வைத்தால் தாராளமாகப் போதும்: கம்போஸில் எழுதிய திரை, திரையின் நிலையை வைத்திருக்கும் வியூமாடல், தரவை எடுத்துத் தரும் ரெப்போசிட்டரி, ரூம். எட்டுத் திரைக்குத் தனித்தனி மாட்யூல்கள் வேண்டாம். அம்சத்துக்கு ஒரு பேக்கேஜ் போதும். நண்பர் கேட்கும் கிளீன் ஆர்க்கிடெக்சரில் உங்களுக்குப் பயன்படுவது ஒரே இடம், கழிவுக் கணக்கு. பழுக்காத குலைக்கு எவ்வளவு பிடிப்பது என்ற விதி தண்டல் திரையிலும் வரும், கிராணி திரையிலும் வரும். அதை ஆண்ட்ராய்டு வாடையே இல்லாத தனி கோட்லின் வகுப்பாக எழுதி, அதற்கு மட்டுமாவது சோதனைகள் எழுதிவிடுங்கள். பணத்தை ரிங்கிட் தசமமாக டபுள் (தசம எண்) வகையில் வைக்காமல் சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். மற்ற இடங்களில் ‘யூஸ் கேஸ்’ என்ற பெயரில் ரெப்போசிட்டரியைக் கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத வகுப்புகள்தான் பெருகும். கூகுளின் வழிகாட்டியே இந்த அடுக்கு விருப்பத்துக்குரியது என்றுதான் சொல்கிறது.

லோரி எடைச் சீட்டில் மட்டும் நண்பர் பக்கம் நியாயம் உண்டு. ஏற்றிய எடை, காலி எடை, கழிவு, கையொப்பம், அச்சு என்று அது வரிசையாக நகரும் திரை. நான்கு பூலியன்களால் (ஆம்/இல்லை மாறிகளால்) அதை எழுதினால் 16 நிலைகள் சாத்தியமாகும். உண்மையில் நடப்பது ஐந்தே நிலைகள். மீதி பதினொன்றும் பிழை நுழையும் ஓட்டைகள். அந்த ஐந்தையும் ஒரே சீல்டு வகுப்பின் (வகைகள் முன்கூட்டியே முடிவான வகுப்பின்) நிலைகளாக எழுதி, பயனர் செயல்களை ஒரே வாசலில் வாங்குங்கள். எம்.வி.ஐ.யின் சாரம் அதுதான். வெளியிலிருந்து நூலகம் எதுவும் தேவையில்லை.

கேள்வி: வியூமாடல் போட்டும் என் படிவம் அழிந்துபோகிறது. கேமராவைத் திறந்து படமெடுத்துத் திரும்பினால் எல்லாக் கட்டங்களும் காலி. என் கைப்பேசியில் ஒழுங்காக இருக்கிறது, கடையில் வாங்கிய மலிவான கைப்பேசியில்தான் இப்படி.

பதில்: வியூமாடல் திரை சுழற்சியைத் தாங்கும், செயலியின் புராசஸ் (நினைவகத்தில் ஓடும் செயலி) சாவதைத் தாங்காது. நினைவகம் குறைந்த கைப்பேசியில் கேமரா முன்னுக்கு வந்தால், பின்னால் போன உங்கள் செயலியை ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். திரும்பும்போது பிறப்பது புதிய வியூமாடல். சின்னச் சின்ன மதிப்புகளை, புராசஸ் செத்தாலும் நிலைக்கும் சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் வையுங்கள். படிவம் நீளமானால் ரூமில் ‘வரைவு’ என்று ஒரு வரிசையாகவே எழுதிவிடுவது நல்லது. படத்தை அப்படியே சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் திணிக்காதீர்கள். அங்கே எல்லை சுமார் 1 எம்.பி., தாண்டினால் செயலி விழும். கோப்பின் பாதையை மட்டும் வையுங்கள்.

உங்கள் கைப்பேசியிலேயே சோதிக்கலாம். படிவத்தைப் பாதி நிரப்பி, ஹோம் பொத்தானை அழுத்தி, கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிடும் ஏ.டி.பி. ஷெல்லில் ‘ஏ.எம். கில்’ கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, அண்மைச் செயலிகள் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள். டெவலப்பர் தெரிவுகளில் உள்ள ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ இதற்கு ஈடாகாது. அது ஆக்டிவிட்டியை மட்டும் அழிக்கும். புராசஸும் அதிலுள்ள சிங்கிள்டன்களும் (செயலி முழுதுக்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள்களும்) உயிரோடு இருப்பதால் பிழை ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: கல்லூரியில் எம்.வி.சி. (மாடல்–வியூ–கண்ட்ரோலர்) நடத்துகிறார்கள். அது செத்துவிட்டது என்கிறான் தம்பி. உண்மையா?

பதில்: 1979இல் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிரிக்வே ரீன்ஸ்காவ் வகுத்தது அது. ஆண்ட்ராய்டில் ஆக்டிவிட்டியே வியூவாகவும் கண்ட்ரோலராகவும் மாறி ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வீங்கியதால்தான் வேறு வழி தேடினார்கள். எம்.வி.வி.எம். 2005இல் மைக்ரோசாஃப்டின் ஜான் காஸ்மன் எழுதியது. கூகுள் தன் வியூமாடலை அறிவித்தது 2017இல். தேர்வுக்கு எம்.வி.சி.யை நன்றாகப் படியுங்கள். அது புரியாமல் மற்றது புரியாது.

கேள்வி: தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்க ஃபிளட்டரில் மூன்று திரை. நிலையைக் கையாளும் ‘பிளாக்’ (BLoC) முறை வேண்டுமா? பட்டியல் ஏன் திரும்பத் திரும்ப இறங்குகிறது?

பதில்: வேண்டாம் அம்மா. மாற்றத்தைத் திரைக்குச் சொல்லும் சேஞ்ச்நோட்டிஃபயரும் புரொவைடரும் போதும். பட்டியல் விஷயம் வேறு: ஃபியூச்சர்பில்டருக்கான அழைப்பைப் பில்டு செயற்கூறுக்குள்ளேயே எழுதியிருப்பீர்கள். திரை மறுபடி வரையப்படும் ஒவ்வொரு முறையும் புது அழைப்பு போகும். இனிட்ஸ்டேட்டில் ஒருமுறை உருவாக்கி ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூகுளின் இணையத் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர், லைன் இல்லாதபோதும் (ஆஃப்லைனில்) தானாகவே வேலை செய்கிறது. ரூம், ஒர்க்மேனேஜர் தலைவலி எதற்கு?

பதில்: சிறிய செயலிக்கு நல்ல தேர்வுதான். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஆஃப்லைன் சேமிப்பு தொடக்கத்திலிருந்தே இயங்கும். எழுதியவை வரிசையில் காத்திருந்து, லைன் வந்ததும் போகும். ஆனால் டிரான்சாக்‌ஷன் (படிப்பதையும் எழுதுவதையும் ஒரே மூச்சில் செய்வது) ஆஃப்லைனில் தோற்றுவிடும். கடைச் சரக்கின் இருப்பைப் படித்துக் கழித்து எழுதும் வேலையை அதில் செய்திருந்தால், லைன் இல்லாத இடத்தில் விற்பனை நின்றுபோகும். கழிக்க வேண்டியதை மட்டும் ‘இன்கிரிமென்ட்’டில் எதிர்மறை எண்ணாகக் கொடுத்தால் அது வரிசையில் நிற்கும், ஆனால் இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதை அது தடுக்காது.