மேற்கு வர்ஜீனியாவும் எங்கள் பாகூர் வீட்டு வாசலும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவிலிருந்து மேற்கு வர்ஜீனியா பிரிந்தது சட்டப்படி செல்லுமா, அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகிய தென்மாநிலங்களின் தரப்பில், அதாவது தென்தரப்பில், நின்ற அப்பகுதி மக்களைத் துரோகிகள் எனலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம். எனக்கு இது வீட்டு விஷயம்.

ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டமன்றம் இசைய வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்புச் சட்டம். 1861 ஏப்ரலில் வர்ஜீனியா ஒன்றியத்தை விட்டு விலக முடிவெடுத்ததும், அதை ஏற்காத மேற்குப் பகுதியினர் வீலிங் நகரில் கூடி, உண்மையான வர்ஜீனியா அரசு தங்களுடையதே என்று பிரான்சிஸ் பியர்பாண்ட் தலைமையில் ஓர் அரசை அமைத்தார்கள். பிரிவினைக்கு இசைவு தந்தது அந்த அரசுதான். அதிபர் லிங்கன் அதை ஏற்றார், 1863 ஜூன் 20 அன்று புதிய மாநிலம் பிறந்தது. சட்டத்தின் எழுத்துக்கு இது பொருந்துகிறது, ஆனால் பிரிய விரும்பியவர்களே அனுமதியும் கொடுத்துக்கொண்டார்கள் என்பதை மறைக்க முடியாது. 1861 அக்டோபர் வாக்கெடுப்பில் ஆதரவு 18,408, எதிர்ப்பு 781. தென்தரப்புச் சார்புள்ள பல வட்டங்களில் வாக்குப்பதிவே சரிவர நடக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

இப்படி எண்களைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது புதுச்சேரியின் கீழூர் என்ற சிற்றூர். அங்கே 1954 அக்டோபர் 18 அன்று, பிரான்சின் ஆட்சியில் இருந்த புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைவதற்கு 170 பேர் ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். வாக்களித்த 178 பேரும் மக்கள் பிரதிநிதிகள். வீடு வீடாக யாரும் கேட்கவில்லை. இணைப்பை நான் குறை சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம், என் தாத்தா அதற்காகப் பாகூரில் கொடி பிடித்தவர். அவருடைய தம்பியோ பிரெஞ்சுப் படையில் பதினைந்து ஆண்டுகள் இருந்து, வியட்நாமின் சைகோன் வரை போய்வந்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர்.

1962 ஆகஸ்டில், அந்தப் பகுதிகளை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் தவணை இருந்தது. சின்னத் தாத்தா எழுதிக்கொடுத்தார். பென்ஷனுக்காகச் செய்தார் என்று ஊர் பேசியது. "இத்தனை வருஷம் சோறு போட்டவன்கிட்ட, இனிமே நான் உன் ஆள் இல்லன்னு எப்படிண்ணே சொல்றது?" என்றுதான் அவர் தாத்தாவிடம் கேட்டாராம். தாத்தா அவரை வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் புதுச்சேரி நகரத்துக்குக் குடிபோனார். பதினாறு ஆண்டுகள் பேச்சில்லை.

பிற்பாடு கடலூரில் நான் படித்த கல்லூரியில் ஓர் ஆசிரியர், இது தெரிந்து, வகுப்பு நடுவே என்னைத் துரோகி வீட்டுப் பிள்ளை என்றார். கொடி பிடித்த தாத்தாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் அது ஆறவில்லை.

தென்தரப்பின் புகழ்பெற்ற தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன், இன்று மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் கிளார்க்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து அவரோடு பாசமாக இருந்த தங்கை லாரா, ஒன்றியத்தின் பக்கம் நின்று காயம்பட்ட அதன் வீரர்களைப் பராமரித்தார். உறவு முறிந்தது. புதிய மாநிலம் பிறப்பதற்கு ஆறு வாரம் முன்பு ஜாக்சன் இறந்துபோனார். அடிமை முறையைக் காக்கப் புறப்பட்ட தரப்பில் அவர் நின்றது தவறு, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. எங்கள் ஊரில் நடந்ததை அந்தப் போரோடு சமமாக வைக்கவும் இல்லை. ஆனாலும் எல்லையோரத்து மனிதரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1978-இல் தாத்தா இறந்தபோது சின்னத் தாத்தா வந்து தெருவிலேயே நின்றார். நாட்டை விட்டுக்கொடுத்தவர் வாய்க்கரிசி போடக் கூடாது என்று பங்காளி ஒருவர் தடுத்தார். என் ஆயா எழுந்து வாசலுக்குப் போனார். "அவருக்குத் தீட்டு உண்டா இல்லையா, அதச் சொல்லு" என்று பங்காளியிடம் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. "உள்ள வாங்க தம்பி" என்று ஆயா கையைப் பிடித்து அழைத்துவந்தார். சின்னத் தாத்தா அரிசி போட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்திருந்தார்.