குழந்தைக்குச் சிறுநீரகக் கல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சேலத்திலிருந்து ஓர் அம்மா: ஏழு வயது மகனுக்கு இடது கிட்னியில் 4 மி.மீ. கல். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. இந்த வயசில் எப்படி டாக்டர்?

கைக்குழந்தைக்கே வரும் அம்மா. பிள்ளைகளுக்குக் கல் வந்தால் ஏன் வந்தது என்று தேடியே ஆக வேண்டும். சிறுநீரில் கால்சியம் அதிகம் போகிறதா, கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் குறைவா, பாதையில் பிறவி அடைப்பா, அடிக்கடி தொற்றா, இல்லை கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட்டோ, சிஸ்டின் என்ற அமினோ அமிலமோ கூடுதலாக வெளியேறும் பரம்பரைக் கோளாறா என்று பார்ப்போம். இந்தக் கடைசி வகை, பெற்றோருக்குக் கல்லே வராமல் பிள்ளைக்கு மட்டும் வரலாம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி நாளில் நடக்காது. காலையில் எழுந்ததும் போவதை விட்டுவிட்டு, அப்புறம் போவது எல்லாம், மறுநாள் காலை முதலில் போவது உட்பட, கேனுக்குள் வர வேண்டும். வலி வந்தால் அந்த நாட்களில் சிறுநீரை டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். மிளகைவிடச் சின்னதாக, சொரசொரப்பாக ஏதாவது தங்கினால் தூக்கிப் போடாமல் லேபில் கொடுங்கள். கல் எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மதுரை: பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?

சரியில்லை. இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். உணவில் வரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலை நிறுத்தினால் அந்த ஆக்சலேட் சிறுநீருக்குத்தான் வரும், வளரும் எலும்பும் கெடும். குறைக்க வேண்டியது உப்பு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், நூடுல்ஸோடு வரும் மசாலாப் பொட்டலம், இவற்றைக் குறையுங்கள்.

திருநெல்வேலி: ஆறாவது படிக்கிற மகள். எவ்வளவு தண்ணீர் கொடுப்பது?

20 கிலோ எடைக்கே நாளுக்கு ஒன்றரை லிட்டர் திரவம் வேண்டும். உங்கள் மகள் எடைக்கும், கல் வந்த உடம்புக்கும், நம் வெயிலுக்கும் அதைவிட நிறையவே கூடும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போக வேண்டும், அதுதான் கணக்கு. சாயங்காலம் அவள் பையைத் திறந்து பாட்டிலைப் பாருங்கள். கழிப்பறைக்குப் பயந்து நிரப்பிய பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிக்க வாட்டர் பெல் அடிக்க ஆரம்பித்தார்கள், நல்ல காரியம். ஆனால் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாமல் மணி அடித்து என்ன பயன்? பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசுமுன் இதைக் கேளுங்கள்.

ஈரோடு: பாலில் கால்சியம் இருக்கிறதே, கொடுக்கலாமா?

மதுரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கோவை: தக்காளி விதையால் கல் வருமா?

வராது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்குப் பத்து நாள் வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம், கல் விழுந்துவிட்டது. நீங்கள் ஏன் அதைச் சொல்வதே இல்லை?

ஐயா, உங்கள் பேரனுக்கு இருந்தது 4 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே விழும். வாழைத்தண்டு நல்ல காய், கூட்டோ பொரியலோ வாரம் இரண்டு நாள் வையுங்கள். கால்சியம் கல்லை அது கரைக்காது.

நாமக்கல் (தஞ்சாவூருக்கு ஆதரவாக): பாட்டி வைத்தியம் என்றாலே டாக்டர்களுக்கு ஆகாது. என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் விழுந்தது.

நாகர்கோவில்: எங்கள் பக்கம் பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடிப்பார்கள். அதுவும் வேண்டாமா?

நாமக்கல் ஐயா, பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. சாறு குடித்தால் தண்ணீரும் உள்ளே போகிறது, அந்தப் பலன் உண்மை. பயம் வேறு இடத்தில்: சாறை நம்பி இரண்டு மாதம் ஸ்கேன் எடுக்காமல் இருப்பார்கள், வலி நின்றதும் கல் போய்விட்டது என்று நினைப்பார்கள். அடைப்பு அப்படியே இருந்தாலும் வலி அடங்கிப்போகும், கிட்னி உள்ளே சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கும். நாகர்கோவிலுக்கு: பிலிம்பிச் சாறு வேண்டவே வேண்டாம். அதில் ஆக்சலேட் மிக அதிகம். அந்தச் சாற்றைக் குடித்துக் கிட்னி செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரளத்து மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். எந்தக் கல்லும் கரையாது என்றும் இல்லை: யூரிக் அமிலக் கல் கரையும், சிஸ்டின் கல்லும் ஓரளவு கரையும். ஆனால் அதற்குச் சிறுநீரின் காரத்தன்மையை அளந்து அளந்து மருந்து கொடுக்க வேண்டும்.

விழுப்புரம்: மூன்று வயசு. கல் இருப்பது தெரியும். நேற்றிலிருந்து குளிர்க்காய்ச்சல், வாந்தி, ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை.

என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கல்லும் காய்ச்சலும் சேர்ந்தால் அவசரம். அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகினால் சில மணி நேரத்தில் ரத்தத்துக்குப் பரவும். முதலில் தேங்கிய சிறுநீரை வடித்துவிடுவார்கள், கல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திருச்சி: வலிப்புக்கு டோபிராமேட் சாப்பிடும் மகனுக்குக் கல். மாத்திரையை நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வந்துவிடும். அந்த மருந்தால் கல் வருவது உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றுவார்.

கரூர்: பால் வேண்டாம் சரி, தயிராவது கொடுக்கலாமா?

பால் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டையும் கொடுங்கள்.

தஞ்சாவூர் தாத்தா: கோபப்படாதீர்கள் டாக்டர். இப்போது என்ன செய்யட்டும்?

கோபம் இல்லை ஐயா. கல் விழுந்த பிறகு ஸ்கேன் எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள், வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விழுந்த கல்லை வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.